பாகு பூக்கட்டும், பொடி கிடைக்கும்

சாறு, தேன், எசென்ஸ் என்று திரவமாக இருப்பதைச் சர்க்கரையின் துணையோடு உலர்ந்த பொடியாக்குவது பற்றி வந்திருந்த கேள்விகளை இந்த முறை ஒரே மூச்சில் எடுத்துக்கொண்டோம். இஞ்சிச் சாற்றிலிருந்து தொடங்குகிறோம். மற்றவற்றுக்கெல்லாம் அதுதான் அரிச்சுவடி.

கேள்வி: இஞ்சிச் சாற்றைச் சர்க்கரையோடு காய்ச்சினால் பொடியாகிவிடும் என்கிறார்கள். மாவு எதுவும் சேர்க்காமல் ஒரு திரவம் எப்படிப் பொடியாகும்? அளவும் செய்முறையும் சொல்லுங்கள்.

பதில்: பாகு காய்ச்சுகிறவர்கள் எதற்குப் பயப்படுவார்களோ, அதுவே இங்கே நமக்கு வேண்டியது. பாகு பூத்துப் போவதைத்தான் சொல்கிறோம். சர்க்கரைப் பாகு மிகவும் கெட்டியாகி, தன்னில் இருக்கும் தண்ணீர் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் சர்க்கரையைச் சுமந்துகொண்டிருக்கும்போது வேகமாகக் கிளறினால், சர்க்கரை ஒரே நேரத்தில் கோடிக்கணக்கான நுண்படிகங்களாகப் பிரிகிறது. அவை தனித்தனியாக நிற்பதில்லை. ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சு போலத் துளைகள் நிறைந்த சிறு குருணைகளாகின்றன. சாற்றின் காரமும் மணமும் நிறமும் அந்தத் துளைகளிலும் படிகங்களின் இடுக்குகளிலும் போய் உட்கார்ந்துகொள்கின்றன. படிகத்துக்குள்ளே அவை நுழைவதில்லை. சர்க்கரைப் படிகம் தன் இனத்தைத் தவிர வேறெதையும் எளிதில் உள்ளே விடாது.

அளவு: சுத்தமான வெள்ளைச் சர்க்கரை 500 கிராம், தெளிந்த இஞ்சிச் சாறு 150 மில்லி, தண்ணீர் 50 மில்லி. சாறு பிழிய 350 முதல் 400 கிராம் இஞ்சி தேவைப்படும். பிழிந்த சாற்றை அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு தங்கும். அதைக் கலக்காமல் மேல் சாற்றை மட்டும் இறுத்து எடுங்கள். மாவோடு காய்ச்சினால் அடி பிடிக்கும், பாகும் கஞ்சி போல இழுக்கும்.

அடிகனமான, வாயகன்ற பாத்திரம் எடுங்கள். போட்ட பொருளைப் போல நான்கு மடங்கு கொள்ள வேண்டும். வெறும் பாத்திரத்தின் எடையைக் கரண்டியோடு சேர்த்துக் குறித்து வையுங்கள். இது எதற்கென்று பின்னால் புரியும். சர்க்கரை முழுவதும் கரையும் வரை மிதமான தீ, அதன்பின் நல்ல தீ. கொதிக்கும்போது கிளற வேண்டாம். பாகின் வெப்பம் 125 முதல் 127 டிகிரி செல்சியஸ் ஆனதும் அடுப்பை அணையுங்கள். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் குளிர்ந்த நீரில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். உருட்டினால் கெட்டி உருண்டையாக நிற்க வேண்டும், அழுத்தினால் கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும். ஒடிந்தால் பதம் தாண்டிவிட்டது.

அடுப்பை அணைத்தவுடன் நைசாகப் பொடித்த சர்க்கரை இரண்டு தேக்கரண்டி தூவி, நீண்ட பிடியுள்ள மரக் கரண்டியால் நிறுத்தாமல் கிளறுங்கள். தூவிய சர்க்கரைதான் விதை. புதிய படிகங்கள் அதைப் பற்றிக்கொண்டு வளரும். முதலில் கண்ணாடி போல இருந்த பாகு மங்கும். பிறகு பாத்திரத்தின் ஓரங்களில் வெண்மை படியும். கரண்டியின் சத்தத்தைக் கவனியுங்கள்: வழவழவென்று சுற்றியது கரகரவென்று உரசத் தொடங்கும். அதற்குப் பிறகு யோசிக்க நேரம் கிடையாது. கலவை திடீரென்று உப்பி, ஆவியைக் கக்கி, கண்ணெதிரே ஈர மணலாக உதிரும். அப்போதும் கையை எடுக்காமல் கட்டிகளை உடைத்துக்கொண்டே இருங்கள்.

மணலான பிறகு பாத்திரத்தோடு நிறுத்துப் பாருங்கள். வெறும் பாத்திரத்தின் எடையைக் கழித்தால் கிடைப்பது பொடியின் எடை. போட்ட சர்க்கரை, விதையோடு சேர்த்து, சுமார் 510 கிராம். 150 மில்லி தெளிந்த சாற்றில் கரைந்திருக்கும் திடப்பொருள் ஐந்தாறு கிராம்தான் தேறும். ஆக, முழுக்க உலர்ந்த பொடி 515, 516 கிராம் இருக்க வேண்டும். தராசு 530 காட்டினால் மீதி 14, 15 கிராம் தண்ணீர். தட்டில் மெல்லியதாகப் பரப்பி, 50 முதல் 60 டிகிரி சூட்டில் ஓவனிலோ உலர்த்தியிலோ ஒன்றிரண்டு மணி நேரம் வையுங்கள், நடுநடுவே புரட்டிவிடுங்கள். ஈரப்பதம் ஒரு சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும், அதாவது இந்த அளவுக்கு ஐந்து கிராம் தண்ணீருக்கு மேல் மிஞ்சக் கூடாது. ஈரம் போயிற்றா என்று கையால் தொட்டுச் சொல்வது ஏமாற்றும், தராசு ஏமாற்றாது.

ஒரு எச்சரிக்கை. 126 டிகிரிப் பாகு தோலில் பட்டால் கொதிநீர் போல வழிந்து ஓடாது, ஒட்டிக்கொண்டு சுடும். பக்கத்தில் ஒரு பாத்திரம் நிறையக் குளிர்ந்த நீர் இருக்கட்டும். பிளாஸ்டிக் கரண்டி வேண்டாம்.

கேள்வி: இதே முறையில் செய்தேன். முதல் முறை பாறை போல இறுகிவிட்டது. இரண்டாம் முறை ஈரக் களியாக நின்றுவிட்டது, உலர்த்தினாலும் அடை அடையாகத்தான் வந்தது. எங்கே தவறு?

பதில்: இரண்டாவது எளிது. பாகு போதிய சூட்டுக்கு வரும் முன்பே இறக்கிவிட்டீர்கள். 115 டிகிரியில் நிறுத்தினால் 15 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் இன்னும் உள்ளே இருக்கும். படிகங்கள் உருவாகும், ஆனால் மிச்சப் பாகில் மிதந்துகொண்டிருக்கும். உலர்த்தும்போது அந்தப் பாகே பசையாகி எல்லாவற்றையும் ஒட்டவைக்கும்.

தெர்மாமீட்டர் 125 காட்டிய பின்பும் இப்படி ஆனதென்றால், தெர்மாமீட்டரைச் சந்தேகியுங்கள். கொதிநீரில் வைத்துப் பாருங்கள். 100 காட்ட வேண்டிய இடத்தில் 103 காட்டினால் நாங்கள் சொன்ன எல்லா அளவிலும் மூன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். உயரமான இடத்தில் வசித்தால் கணக்கு வேறு. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி இறங்கும், பாகின் பதமும் அதே அளவு இறங்கும். கொதிநீர் எவ்வளவு காட்டுகிறதோ அதைவிட 25, 26 டிகிரி அதிகம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு சிக்கலும் ஒருசேரத் தீர்ந்துவிடும்.

பாறையாக இறுகியதற்குக் காரணம் இரண்டில் ஒன்று. 140-ஐத் தாண்டியிருந்தால் பாகு படிகமாவதற்கு முன்பே கண்ணாடியாக உறையத் தொடங்கியிருக்கும். நிறம் பழுப்பாக மாறியிருந்தால் இதுதான். நிறம் மாறவில்லையென்றால், பூக்கத் தொடங்கிய நேரத்தில் கரண்டி நின்றிருக்கிறது. அந்த அரை நிமிடத்தில் குருணைகள் ஒன்றோடொன்று பாலம் கட்டிவிடும். விதை போடாமல் விட்டாலும் படிகங்கள் குறைவாகத் தோன்றிப் பெரிதாக வளர்ந்து இறுகும்.

கருகாத வரை எதுவும் வீணில்லை. உடைத்துப் போட்டு, 150 மில்லி தண்ணீர் விட்டு, முழுதும் கரைத்து மறுபடி காய்ச்சலாம். மணம் ஒரு படி குறையும்.

கேள்வி: எலுமிச்சைச் சாற்றில் முயன்றேன். எவ்வளவு கிளறியும் பூக்கவே இல்லை. ஆறியதும் தேன் மாதிரி இழுக்கிறது.

பதில்: பூக்காது. எலுமிச்சைச் சாற்றின் புளிப்பும் 125 டிகிரிச் சூடும் சேர்ந்தால், சர்க்கரை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்ற இரண்டு சிறிய சர்க்கரைகளாக உடைந்துவிடும். இந்த இரண்டும் மிச்சமிருக்கும் சர்க்கரையைப் படிகமாக விடாமல் குறுக்கே நிற்கும். மிட்டாய் செய்கிறவர்கள் பாகு பூக்காமலிருக்க எலுமிச்சை பிழிவதும் குளுக்கோஸ் பாகு சேர்ப்பதும் இதற்காகத்தான். நீங்கள் மருந்தைச் சேர்த்துவிட்டு நோய் வரவில்லையே என்று காத்திருக்கிறீர்கள்! புளி, ஆரஞ்சு, அன்னாசி, பேஷன் பழம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சோடா உப்பு போட்டுப் புளிப்பை அடக்கினால் பூக்கலாம், ஆனால் எதற்காக எலுமிச்சை போட்டோமோ அதுவும் போய்விடும்.

சாற்றைப் பொடியாக்கும் பிடிவாதத்தை விட்டால் வழி இருக்கிறது. எலுமிச்சையின் மணம் தோலில் உள்ள எண்ணெயில் இருக்கிறது, புளிப்பு சிட்ரிக் அமிலத்தில் இருக்கிறது. நான்கு பழங்களின் மஞ்சள் தோலை மட்டும் (வெள்ளைப் பகுதி கசக்கும்) துருவி, 500 கிராம் சர்க்கரையோடு விரலால் அழுத்தித் தேயுங்கள். சர்க்கரையின் கூர்முனைகள் எண்ணெய்ப் பைகளைக் கிழித்து எண்ணெயை வாங்கிக்கொள்ளும். 40 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்திச் சலித்து, கடைசியில் சிட்ரிக் அமிலத்தை உலர்வாகவே கலக்குங்கள். 100 மில்லி சாற்றில் ஐந்தாறு கிராம் சிட்ரிக் அமிலம் இருக்கும். எத்தனை மில்லி சாற்றுக்கு ஈடு வேண்டுமோ அந்தக் கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள். வாங்கும்போது நீரற்ற சிட்ரிக் அமிலமா என்று பார்த்து வாங்குங்கள். நீர் சேர்ந்த வகையும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் சூடுபட்டால் தன் படிகத்திலுள்ள நீரை வெளியே விட்டு டப்பாவுக்குள் பொடியைக் கட்டி தட்ட வைத்துவிடும்.

கேள்வி: தேன் பொடி வீட்டில் செய்ய முடியுமா?

பதில்: தேனின் மணமுள்ள சர்க்கரைப் பொடி செய்யலாம் என்று சொன்னால்தான் சரி. தேனில் ஏறத்தாழ 38 சதவீதம் ஃபிரக்டோஸ், 31 சதவீதம் குளுக்கோஸ், 17 சதவீதம் தண்ணீர். முந்தைய பதிலைப் படித்தவர்களுக்குச் சிக்கல் இப்போதே தெரிந்திருக்கும். படிகத்தைத் தடுக்கும் இரண்டு சர்க்கரைகளும் தேனில் ஆயத்தமாகவே இருக்கின்றன.

அதனால் தேனின் அளவைச் சர்க்கரையில் 12 முதல் 15 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். 500 கிராம் சர்க்கரையை 150 மில்லி தண்ணீரில் காய்ச்சி, இம்முறை 128 டிகிரி வரை கொண்டுபோங்கள். இறக்கிய பிறகு 60 முதல் 75 கிராம் தேனை மெல்லிய தாரையாக விட்டு, விதைச் சர்க்கரையை மூன்று தேக்கரண்டியாக உயர்த்திக் கிளறுங்கள். இஞ்சியைவிடத் தாமதமாகப் பூக்கும், பொறுமை வேண்டும். உலர்த்தும் சூடு 50-ஐத் தாண்ட வேண்டாம். எவ்வளவு உலர்த்தினாலும் இந்தப் பொடி மற்றவற்றைவிடச் சீக்கிரம் நமத்துப் போகும். வெறும் சர்க்கரைப் படிகம் காற்றின் ஈரப்பதம் 84, 85 சதவீதம் ஆகும்வரை கரையத் தொடங்காது. ஃபிரக்டோஸ் 62 சதவீதத்திலேயே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும்.

தேன் பொடியானாலும் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தரக் கூடாது என்ற விதி மாறாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலினம் என்ற நச்சுக் கிருமியின் வித்துகள் இந்தச் சூட்டிலும் பிழைத்திருக்கும்.

கேள்வி: வெனிலா எசென்ஸைப் பாகில் ஊற்றினேன். குபுக்கென்று பொங்கியது. மணமும் இல்லை.

பதில்: தீ பிடிக்காமல் விட்டதே பெரிது. எசென்ஸில் பெரும்பாலும் ஆல்கஹால் இருக்கும், அது 78 டிகிரியில் கொதிக்கும். 125 டிகிரிப் பாகில் விழுந்த நொடியில் ஆவியாகி, மணத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. பக்கத்தில் எரியும் அடுப்பு இருந்திருந்தால் அந்த ஆவி பற்றிக்கொள்ளும்.

மணப்பொருளுக்குப் பாகே வேண்டாம். 100 கிராம் நைஸ் சர்க்கரைக்கு 4, 5 மில்லி எசென்ஸ் தெளித்துப் பிசிறி, தீயில்லாத இடத்தில் காற்றாடப் பரப்பி, ஆல்கஹால் வாடை போனதும் சலித்து மூடிவையுங்கள். தண்ணீர் கலவாத எண்ணெய் வகை என்றால் 100 கிராமுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு கிராம். சர்க்கரைப் படிகத்தின் முகம் வழுவழுப்பானது, அதற்கு மேல் பிடித்து வைத்துக்கொள்ளாது. ஐரோப்பாவின் பழைய மருந்தாளுநர்கள் எலியோசாக்கரம் என்ற பெயரில் இதையே செய்தார்கள். அவர்களுடைய கணக்கு இரண்டு கிராம் சர்க்கரைக்கு ஒரு சொட்டு வாசனை எண்ணெய். இப்படிப் பூசிய மணத்துக்குக் காப்பு எதுவும் கிடையாது, காற்று பட்டால் பறந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொள்வதே நல்லது.

கேள்வி: பீட்ரூட் நிறத்தில் சர்க்கரைப் பொடி வேண்டும். காய்ச்சினால் பழுப்பாகிறது.

பதில்: பீட்ரூட்டின் சிவப்பு சூடு தாங்காது. இதற்கும் பூச்சு முறைதான். ஆனால் சாற்றில் தண்ணீர் அதிகம் என்பதால் நிதானம் வேண்டும். ஒரு மில்லி தண்ணீர் இரண்டு கிராம் சர்க்கரையைக் கரைத்துவிடும். 100 கிராமுக்கு 5 மில்லி விட்டால் பத்து கிராம் கரைந்து, மிச்சத்தை ஒட்டும் பசையாகும். அதை உதிர்த்துவிடலாம். 15 மில்லி விட்டால் கூழ்தான். ஐந்து மில்லி பிசிறி, 50 டிகிரிக்குள் உலர்த்தி, கால் மணிக்கொரு முறை உதிர்த்துவிட்டு, நிறம் போதாவிட்டால் மறுபடி ஒரு பூச்சு கொடுங்கள்.

கேள்வி: கடைப் பழப்பொடிகளின் உறையில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்று போட்டிருக்கிறது. சர்க்கரையே போதுமென்றால் அது எதற்கு?

பதில்: மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் பொடி. அது வேறு வழி. பழச்சாற்றைச் சூடான காற்றில் பனித்துளியாகத் தூவி நொடியில் உலர்த்துகிறார்கள். உள்ளே வரும் காற்று 150 முதல் 200 டிகிரி இருக்கும், வெளியேறும்போது 80, 90. இந்த வேகத்தில் சர்க்கரைகள் படிகமாக நேரம் கிடைப்பதில்லை, ஒழுங்கற்ற கண்ணாடி நிலையில் உறைகின்றன. ஒவ்வொரு பொருளின் கண்ணாடியும் ஒரு குறிப்பிட்ட வெப்பத்துக்கு மேல் ரப்பராகிப் பிசுபிசுக்கும். முற்றிலும் உலர்ந்த நிலையில் ஃபிரக்டோஸுக்கு அது 5 டிகிரி அளவில், குளுக்கோஸுக்கு 31, சாதாரணச் சர்க்கரைக்கு 62, பாலிலுள்ள லாக்டோஸுக்கு 101. ஈரம் கொஞ்சம் சேர்ந்தாலே இந்த எண்கள் சரசரவென்று இறங்கிவிடும். பழச்சாற்றில் இருப்பது முதல் மூன்றும்தான். அதனால் தனியாக உலர்த்தினால் இயந்திரத்தின் சுவரெல்லாம் ஜவ்வு மிட்டாயாகிவிடும். மால்டோடெக்ஸ்ட்ரினின் எண் 100-ஐத் தாண்டி வெகு உயரத்தில் இருப்பதால், அதைக் கலந்ததும் மொத்தக் கலவையும் உயர்ந்துவிடுகிறது.

பாகு முறையில் இந்தத் தலைவலி இல்லை. சர்க்கரை படிகமாகிவிட்டால் பிசுபிசுப்பதற்கு இடமில்லை. அதற்கு விலை, பொடியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சர்க்கரையாகவே இருப்பது. புளிப்பான சாற்றுக்கு ஆலை வழி, புளிப்பில்லாத, மணமும் காரமும் தூக்கலான சாற்றுக்கு அடுப்பு வழி. இதுதான் எங்கள் கட்சி.

கேள்வி: பாலை இப்படிப் பொடியாக்கலாமா?

பதில்: வேண்டாம். இந்தச் சூட்டில் பால் பழுப்பாகும், கொழுப்பு பிரிந்து பின்னர் காறல் அடிக்கும். பால்பவுடர் வாங்கிக் கலப்பதே சரி.

கேள்வி: சர்க்கரைக்குப் பதில் எரித்ரிட்டால் என்ற மாற்று இனிப்பு?

பதில்: நன்றாகவே பூக்கும், சுமார் 120 டிகிரியில் தானே உருகவும் செய்யும். ஆனால் நாக்கில் வைத்தால் ஜில்லென்று இருக்கும், இஞ்சிக்கு அந்தக் குளிர்ச்சி பொருந்துவதில்லை. ஐசோமால்ட் என்ற இன்னொரு மாற்று இனிப்பு எளிதில் பூக்காது, அதை நம்பி இறங்காதீர்கள்.

கேள்வி: மிக்ஸியில் அரைத்து டப்பாவில் போட்ட மறுநாளே ஒரே கட்டி. நன்றாக உலர்த்தித்தான் வைத்தேன்.

பதில்: உலர்த்தியதில் குறை இருக்காது, அரைத்த கையோடு அடைத்ததில்தான் குறை. அரைக்கும்போது படிகத்தின் மேற்பரப்பு நசுங்கி, ஒழுங்கு குலைந்த ஒரு மெல்லிய படலமாகிறது. அந்தப் படலம் காற்றிலுள்ள ஈரத்தை ஆவலாய் உறிஞ்சும். சில மணி நேரத்தில் மறுபடி படிகமாகும்போது உறிஞ்சியதை வெளியே தள்ளும். மூடிய டப்பாவுக்குள் அந்த ஈரம் போக வழியின்றி, துகளுக்குத் துகள் பாலமாக நின்று இறுகிவிடும். அரைத்த பொடியை உலர்ந்த அறையில் பரப்பி ஒரு நாள் விட்டு, மறுபடி சலித்து, அதன் பிறகே அடையுங்கள். மிக்ஸியை ஐந்து ஐந்து நொடியாக விட்டு விட்டு ஓட்டுங்கள், ஜார் சூடாகக் கூடாது. பொடி வெதுவெதுப்பாக இருக்கும்போது மூடினாலும் இதே கதி. முடிந்தால் அரைக்கவே வேண்டாம். பாத்திரத்தில் பூத்த குருணையைச் சல்லடையில் தேய்த்து எடுத்தால், அது நைஸ் பொடியைவிட நன்றாகக் கரையும். துளைகள் வழியே தண்ணீர் உள்ளே ஓடும். நைஸ் பொடி மேலே மிதந்து கட்டி கட்டும்.

வெகுநாள் வைக்க வேண்டுமானால் நூறு கிராமுக்கு இரண்டு, மூன்று கிராம் உலர்ந்த சோளமாவு கலக்கலாம். பானம் சற்றுக் கலங்கும்.

கேள்வி: சிறு தொழிலாகத் தொடங்கி நாளைக்கு 50 கிலோ செய்ய உத்தேசம். அடுப்பையும் பாத்திரத்தையும் பெரிதாக்கினால் போதுமா?

பதில்: போதாது. அரை கிலோவில் கையால் ஐந்து நிமிடத்தில் முடிகிற கிளறல், பத்து கிலோவில் கைக்கு அடங்காது. பூக்கும் நேரத்தில் துடுப்பு நின்றால் மொத்தமும் ஒரே பாறை. அடியைச் சுரண்டியபடி சுற்றும், பாரம் ஏறினாலும் நிற்காத மோட்டார் கிளறி வேண்டும். பெரிய பாத்திரத்தில் அளவுக்குத் தக்கபடி சூடேறும் பரப்பும் ஆவி போகும் பரப்பும் கூடுவதில்லை என்பதால் காய்ச்சி முடிக்கும் நேரமும் நீளும். நீண்ட நேரச் சூட்டில் புளிப்பில்லாத சாற்றில்கூடச் சர்க்கரை கொஞ்சம் உடையத் தொடங்கும். ஐந்து ஐந்து கிலோவாகப் பத்து முறை செய்வது, ஒரே முறை 50 கிலோ போடுவதைவிட நிச்சயம் நல்லது.

அரைக்கும் அறையைத் தனியாக வையுங்கள். காற்றில் மிதக்கும் சர்க்கரைத் தூசி வெடிக்கும். 2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் இப்படித் தூசி வெடித்து 14 பேர் இறந்தார்கள். உத்தரத்திலும் விளக்கு மேலும் தூசி படிய விடாதீர்கள். படிந்ததைக் காற்றடித்து ஊதினால் மிதக்கவிட்டதாகிவிடும், ஈரத் துணியால் துடையுங்கள். மோட்டாரும் சுவிட்சும் தூசி புகாத வகையாக இருக்கட்டும், அடுப்பு பக்கத்து அறைக்குப் போகட்டும்.